என் வீட்டுக்காரரின் ஏக்கமும் ஒரு புகைபோக்கிக் குழாயும்

1

இந்தப் பக்கத்தில் வழக்கமாக என் வீட்டுக்காரர் சின்னப்பன் எழுதுவார். ‘பனிநாட்டுப் பெருமூச்சு’ என்று தலைப்பு போட்டு மாதாமாதம் அவர் விட்ட மூச்சை நீங்கள் படித்திருப்பீர்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் தமிழாசிரியராக இருந்தவர், இங்கிலாந்துக்கு வந்து ரயில்வே சரக்கு ஆபீசில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிவிட்டு, மாலையில் முன்னறையில் உட்கார்ந்து சித்தேரி மலையை நினைத்து அழுவார். படித்துவிட்டு நீங்களும் அழுததாக என் தம்பி சேவியர் எழுதியிருந்தான்.

இனி அவர் எழுதமாட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்பு நன்றாக ஆகிவிட்டதுதான் இப்போது சங்கடம். எங்கள் வீட்டுப் புகைபோக்கிக்குள் ஒரு எஃகுக் குழாயை இறக்கி இந்த டிசம்பரோடு ஒரு வருஷம் ஆகிறது. குழாய் இறங்கிய நாளிலிருந்து அவருக்கு ஏக்கம் வரவில்லை. பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்தார். வேப்ப மரம், மாட்டு மணி, கோயில் மணி என்று ஒவ்வொன்றாக வரவழைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பசிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டார்.

பத்திரிகை ஆசிரியரோ விடுவதாக இல்லை. “நீ எழுதிப் போடு சகாயம், நடந்ததெல்லாம் உனக்குத்தானே தெரியும்” என்று என் தலையில் கட்டிவிட்டு என் வீட்டுக்காரர் கால்பந்தாட்டம் பார்க்கப் போய்விட்டார். ஆகையால் இந்த மாதம் பெருமூச்சு கிடையாது. கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

2

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வீடுகள் தனித்தனியாக நிற்பதில்லை. தெரு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி நிற்கும். எங்களுடையது விக்டோரியா மகாராணி காலத்தில் மில் வேலைக்காரர்களுக்காகக் கட்டியது. முன்னறைச் சுவருக்குள் குளிர்காய ஒரு கணப்பு. அதற்கு மேலே செங்கல்லால் கட்டிய புகைபோக்கி சுவருக்குள்ளேயே ஏறி, மாடி அறை வழியாகப் போய், கூரைக்கு மேல் தலை நீட்டும். அந்தக் காலத்தில் கணப்பில் நிலக்கரி எரித்தார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த புண்ணியவான் கரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே வாயில் ஒரு கேஸ் கணப்பை மாட்டியிருந்தார். அதன் ஆவியும் அந்தப் பழைய செங்கல் வழியாகத்தான் வெளியே போகவேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் புகைபோக்கிக்கெல்லாம் யார் போனார்கள்? விறகு எரியும், புகை எழும்பும், ஓட்டு இடுக்கு வழியாகப் போகிற புகை போகும், போகாத புகை நம் கண்ணுக்குள் வரும். கண் எரிந்தால் புகை இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை என்பதுதான் எங்கள் கணக்கு. அடுப்புக்கு மேல் சுவர் கறுத்துப்போகும். சனிக்கிழமையானால் என்னைப் பெற்ற ஆத்தா தேங்காய் நாரை எடுத்துத் தேய்ப்பாள், பண்டிகை வந்தால் சுண்ணாம்பு அடிப்பாள். கறுத்த சுவரை அப்படியே விட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சோம்பல் என்று பெயர்.

இந்தக் கேஸ் கணப்பைப் பார்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் அசந்துபோனோம். ஒரு குமிழைத் திருகினால் நெருப்பு. சாம்பல் இல்லை, ஊதாங்குழல் இல்லை, கண் எரிச்சல் இல்லை. “பாத்தியா, வெள்ளைக்காரன் புகையே இல்லாத நெருப்பக் கண்டுபுடிச்சிட்டான்” என்றார் என் வீட்டுக்காரர். தரைக்குப் பக்கத்தில் சுவரில் கம்பி வலை போட்ட ஓர் ஓட்டை இருந்தது. அது வழியாகக் குளிர் காற்று வந்தது. இவ்வளவு நெருப்பைக் கண்டுபிடித்தவன் ஓர் ஓட்டையை அடைக்க மறந்துவிட்டானே என்று அவன்மேல் பரிதாபப்பட்டு, தன் பழைய வேட்டி ஒன்றைச் சுருட்டி அதில் திணித்தார். அறை கதகதவென்று ஆனது.

அந்த முதல் குளிர்காலத்திலேயே கணப்புக்கு மேல் சுவரில் மங்கலாக ஒரு மஞ்சள் கறை எழும்பியது. என் கை சும்மா இருக்குமா? சனிக்கிழமை சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி தேய்த்தேன். கிறிஸ்துமஸ் வந்ததும் வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் ஊரிலிருந்து கொண்டுவந்த மாதா படத்தை மாட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் சுவர் பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

3

தலைவலி வந்தது அதற்குப் பிறகு.

பகலில் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. மலை மாதிரி படுக்கை விரிப்பு வரும். துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுக்கவேண்டும். அங்கே தலை வலித்ததே இல்லை. வீட்டுக்கு வந்து சமைத்து முடித்து முன்னறையில் வந்து உட்கார்ந்தால் நெற்றிப் பொட்டில் தொடங்கும். வயிற்றைப் பிரட்டும். கால் கனக்கும். சனி ஞாயிறுகளில் பகல் முழுக்க வலிக்கும். கோடைகாலம் வந்தால் நின்றுவிடும், குளிர் தொடங்கினால் திரும்ப வரும்.

டாக்டரிடம் போனோம். வயதான வெள்ளைக்காரர். யுத்த காலத்தில் கொஞ்ச நாள் பெங்களூரில் இருந்தவராம், ஆகவே எங்களைப் பற்றி அவருக்கு எல்லாமே தெரியும். என் நாடியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஊர் வீட்டை நினைப்பதுண்டா என்று கேட்டார். பிறந்து வளர்ந்த வீட்டை யார்தான் நினைக்கமாட்டார்கள்? ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டி, என் வீட்டுக்காரரைப் பார்த்து, இது ஊர் ஏக்கம் என்றார். வேலை செய்கிற இடத்தில் வலிக்கவில்லையே என்று கேட்டேன். வேலையில் மனம் மறந்திருக்கிறது என்றார். கோடையில் வருவதில்லையே என்றேன். வெயிலைப் பார்த்ததும் உங்கள் ஊர் மாதிரி தோன்றி ஆறுதலாகிவிடுகிறது என்றார். எந்தப் பக்கம் போனாலும் வாசலில் அவரே நின்றார். கடைசியில் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவர் ஒருவராகவே ஏங்கிக்கொண்டிருந்தார். நான் ஏங்குவதில்லை என்பது அவருக்கு ஒரு குறைதான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர். என் கையெழுத்துக்கு என் சம்பளம். பஸ்ஸில் ஏறினால் யார் வீட்டுப் பெண், எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். காரிமங்கலம் சந்தை நாளில் பஸ்ஸுக்குள் நசுங்கிப் போனதை நினைத்து ஏங்க எனக்குத் தெரியவில்லை. ஆத்தாவை நினைப்பேன். அது வேறு.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். ‘என் இல்லாளும் ஏங்குகிறாள்’ என்று வந்ததே, அது நான்தான். “வெளியே சொல்ல மாட்டாள், ஆனால் அவள் நெற்றி நரம்பில் நொய்யரிசிக் கஞ்சியின் நினைவு துடிக்கிறது” என்று எழுதியிருந்தார். எனக்கு நொய்யரிசிக் கஞ்சி சின்ன வயதிலிருந்தே ஆகாது.

“என்னங்க, எனக்குத் தலதான் வலிக்குது. ஏக்கமெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“உனக்குத் தெரியாது சகாயம். ஏக்கம்ங்கறது அடியில இருக்கும். எனக்கும் அந்த அறையில ஒக்காந்தா நெஞ்சு கனக்குது, கண்ணு தளும்புது. தெனமும் அனுபவிக்கிறவன் சொல்றேன்.”

எங்கள் மகள் பிலோமினாவுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஃபில் என்று கூப்பிடுவார்கள், நாங்கள் பிலோமினா என்று முழுசாகக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறோம் என்று திரும்பிப் பார்ப்பாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அவளும் காலையில் எழுந்திருக்க முடியாமல் துவண்டாள். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். இரண்டு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூளை களைத்துவிடும் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார். இந்த நாட்டில் காரணத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

4

கட்டுரை ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பங்குச் சாமியார் கோயிலில் எனக்காக ஜெபிக்கச் சொன்னார். அன்னம்மா அக்கா எனக்காக மொட்டை போட நேர்ந்துகொண்டாள், தன் மகனுக்கு. சேவியர் எழுதினான், “அக்கா, நீ வா. கெழக்கால ரூமுக்கு வெள்ளை அடிச்சாச்சு. ஆத்தா உனக்குன்னு கட்டில் பின்னச் சொல்லியிருக்குது.”

என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். அந்தக் குளிர்காலத்துக்குள் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவது. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். மனசு தேறும் வரைக்கும் என்றார். பிலோமினா? அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அவள் இங்கேதான் இருக்கவேண்டும். தை மாதத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. என்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார் என்று சொல்லவேண்டும். நான் வேண்டாம் என்று சொன்னதை, அடியில் இருக்கும் ஏக்கம் வெட்கப்பட்டுச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு நெஞ்சில் நெருப்பு விழுந்தது. வேலை போகும். மகள் அவள் அப்பாவிடம் தனியாக வளர்வாள். திரும்பி வரும்போது அவளுக்கு என்னிடம் பேச ஒரு வார்த்தை தமிழ்கூட மிச்சம் இருக்காது. தலைவலிக்காகப் பிள்ளையைப் பிரிந்த பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழுதேன். அழுததைப் பார்த்து, பார்த்தாயா ஏக்கம் என்றார்.

நல்ல மனுஷன். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. நான் போனபிறகு குழந்தைக்கு மாடியில் குளிரும், பயந்துகொள்வாள் என்று யோசித்து, அவள் கட்டிலை முன்னறைக்கு இறக்கிப் போடுவதாகத் திட்டம் வைத்திருந்தார். ராத்திரி முழுக்கக் கணப்பு எரியட்டும், பிள்ளை கதகதப்பாகத் தூங்கட்டும் என்றார்.

5

ஆத்தா ஒரு பொட்டலம் அனுப்பினாள். காய்ந்த நார்த்தங்காயும் ஒரு பை நிறையச் சாம்பிராணியும். “சனிக்கெழமை சனிக்கெழமை வூட்டுக்குள்ள சாம்பிராணி போடு கண்ணு, மனசு தெளியும்” என்று சேவியர் கையால் எழுதியிருந்தாள்.

ஆத்தா சொன்னதைக் கேட்டுத்தான் பார்ப்போமே என்று சனிக்கிழமை தலைக்குக் குளித்து, சமையலறை அடுப்பில் இரண்டு கரித்துண்டைக் கனியவைத்து, ஒரு பழைய பித்தளைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்ச் சாம்பிராணியைத் தூவினேன். வீடு முழுக்கக் காட்டிவிட்டுக் கடைசியாக மாதா படத்துக்குக் காட்ட வந்தேன். படம் கணப்புக்கு மேலே. கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் தலைப்பக்கம் இருக்கிற இடுக்கு வழியாகத்தான் ஆவி புகைபோக்கிக்குள் போகவேண்டும். கிண்ணத்தை அந்த இடுக்குப் பக்கம் பிடித்தேன். புகை உள்ளே போகவில்லை. பின்னாலிருந்து யாரோ ஊதுகிற மாதிரி என் முகத்துக்கே திரும்பி வந்தது. தள்ளிப் பிடித்தேன், கிட்டப் பிடித்தேன். எங்கே பிடித்தாலும் அந்த இடுக்கிலிருந்து காற்று வெளியேதான் வந்தது.

இங்கிலீஷில் எனக்கு ஆயிரம் சந்தேகம் உண்டு. புகை எந்தப் பக்கம் போகிறது என்பதில் ஒரு சந்தேகமும் கிடையாது. விறகடுப்பில் ஊதி ஊதி வளர்ந்தவள் நான். போகவேண்டிய புகை போகாமல் திரும்புகிறதென்றால் அடுப்பு சரியில்லை என்று அர்த்தம்.

கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே மொரீன் என்று ஓர் அயர்லாந்துக்கார அம்மாள் தனியாக இருக்கிறார். அவரும் எங்களைப் போலக் கத்தோலிக்க வேதம்தான். சனிக்கிழமை சாயங்காலம் புகைகிற கிண்ணத்தோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றால் வேறு யாராவது போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே வா என்றார். அவர் வீட்டிலும் அதே மாதிரி கேஸ் கணப்பு. கிண்ணத்தைப் பிடித்தேன். புகை சர்ரென்று இடுக்குக்குள் போய் மறைந்தது. மறுபடியும் தூவினேன், மறுபடியும் போனது. மொரீனுக்குத் தலைவலி உண்டா என்று கேட்டேன். உன் கிண்ணம் வந்தபிறகு லேசாக இருக்கிறது என்றார்.

ஓடிவந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது.

“சாம்பிராணி வாசம், சகாயம்... நம்ம கோயில் அப்படியே கண்ணுக்கு முன்னால வந்துருச்சு.”

“கோயில வுடுங்க. பொகை ஏன் திரும்பி வருதுன்னு பாருங்க!”

“பொகையும் ஊருக்குப் போகத் தெரியாம தவிக்குது பாரு” என்றார். உடனே பேனாவை எடுத்துவிட்டார். அன்றைக்கு நான் அந்தக் கிண்ணத்தைக் கீழே வைத்தது மாதாவின் கிருபை.

6

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கேஸ் ஆபீசுக்கு நானே போனேன். சன்னலுக்குப் பின்னால் ஓர் இளம்பெண். புகை திரும்பி வருகிறது என்றேன். கேஸில் புகை வராதே என்றாள். கேஸ் புகை இல்லை, சாம்பிராணிப் புகை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது எங்கள் இலாகா இல்லை, சாம்பிராணி போடுவதை நிறுத்திப் பாருங்கள் என்றாள். அடுத்த சன்னலுக்குப் போனேன். அங்கிருந்தவர் வாசனை வருகிறதா என்று கேட்டார். சாம்பிராணி வாசனைதான் என்றேன். கேஸ் வாசனை வந்தால் உடனே ஆள் வரும், மற்ற வாசனைக்குப் பத்து நாள் ஆகும் என்றார். ஊரில் தாலுகா ஆபீசில் இரண்டு தடவை பட்டா மாற்றப் போய் வந்தவள் நான். இதற்கெல்லாம் அசருவேனா? அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டில் ஒரு குழந்தை காலையில் எழுந்திருக்கமாட்டேன் என்கிறது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன். சாயங்காலம் இவரும் பிலோமினாவும் வீடு திரும்புகிற நேரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர் பெரிய பேச்சுக்காரர். வாசலிலேயே தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். டீ கேட்டார், சர்க்கரை நிறையப் போடச் சொன்னார். சமையலறைக்குள் போய் மசாலா டப்பாக்களைப் பார்த்துவிட்டு, தலைவலிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு கோளாறும் இல்லாத என் சமையல் அடுப்பில் உபயோகிக்காதே என்று ஒரு சிவப்புச் சீட்டைத் தொங்கவிட்டார்.

அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன்னறைக்குக் கூட்டிவந்து கணப்பைப் பற்றவைக்கச் சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு புகைக்குச்சியை எடுத்துக் கொளுத்தி இடுக்கில் பிடித்தார். என் கிண்ணம் செய்ததையே அதுவும் செய்தது. அவர் பேச்சு நின்றது. சுவரை அண்ணாந்து பார்த்தார். இதற்கு மேல் கறை ஏதாவது வருமா, மஞ்சளாக, என்று கேட்டார்.

“வருங்க. நான்தான் வாராவாரம் தேச்சுடுவேனே!” தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிலோமினா அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாள். அவர் மாதா படத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே போகவேண்டிய ஆவி அறைக்குள் வருகிறது என்று காட்டுகிற ஒரே அடையாளம் அந்தக் கறைதான். அதை நான் நாரும் சோப்பும் போட்டு அழித்து, சந்தேகத்துக்கு மாதாவையும் காவல் வைத்திருக்கிறேன். சுத்தக்காரி என்று ஊரிலிருக்கிற என் மாமியார்கூட என்னை ஒப்புக்கொண்டது அந்தச் சுவரைப் போட்டோவில் பார்த்துத்தான்.

பிறகு, நெருப்புக்குக் காற்று வருவதற்கென்றே சுவரில் வைத்த அந்த ஓட்டையிலிருந்து வேட்டியை உருவினார். அது என்ன உடை என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது, தலையை வலிக்கச் செய்து பிறகு தூங்கவைக்கும் என்றார். இந்த அறையில் யாராவது படுக்கிறார்களா என்று கேட்டார்.

“இப்போது இல்லை. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் மகள்” என்றார் என் வீட்டுக்காரர். “ராத்திரி முழுக்கக் கணப்பு எரியும், நல்ல கதகதப்பு.”

கேஸ்காரர் டீயைக் கீழே வைத்தார். படுத்திருந்தால் காலையில் எழுந்திருக்கமாட்டாள் என்றார். முழங்கால் வலியைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் குனிந்து கணப்பை அணைத்தார். நான் பிலோமினாவைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டேன். அவள் வலிக்கிறது என்று கத்தினாள், நான் விடவில்லை.

செங்கல்லெல்லாம் உள்ளே உதிர்ந்து போயிருக்கிறது, இதை நம்பிப் பயனில்லை, புகைபோக்கிக்குள்ளேயே மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு எஃகுக் குழாயை இறக்கிவிட்டால் ஆவி அதன் வழியாகப் போய்விடும் என்றார். இறக்கிய அன்று தெருவே கூடிவிட்டது. முதலில் தூரிகை விட்டுச் சுத்தம் செய்தார்கள். உடைந்த செங்கல், சுண்ணாம்புக் காரை, ஏதோ பறவை கட்டிய கூட்டுச் சுள்ளி எல்லாம் கூடை கூடையாக வந்தது. கரி முழுக்க முன்னறையில் இறங்கியது. மேசைமேல் அடுத்த மாதப் பெருமூச்சு பாதி எழுதி இருந்தது. அதில் ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை.

குழாய் பெரிய சுருளாக வந்தது. பளபளவென்று, உடம்பெல்லாம் வரி வரியாக, எந்தப் பக்கமும் வளைகிற மாதிரி. கூரைமேல் இரண்டு பேர் நின்று, கயிற்றில் கனம் கட்டி உள்ளே விட்டார்கள். கயிற்று முனை கணப்புக்குள் வந்ததும் கீழே இருப்பவர் பிடித்து இழுக்கவேண்டும், மேலே இருப்பவர்கள் குழாயைத் தள்ளுவார்கள். முழங்கால்காரர் குனியமாட்டேன் என்றார். என் வீட்டுக்காரர் கணப்புக்குள் தலையை விட்டுக் கயிற்றைப் பிடித்தார். ஊரில் எங்கள் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தபோது குழாய் இறக்கியது எனக்கு ஞாபகம் வந்தது. கிணற்றைச் சுற்றி நாற்பது பேர் நின்று நாற்பது யோசனை சொன்னார்கள், குழாய் ஒரு பக்கம் போனது, மோட்டார் ஒரு பக்கம் போனது. இங்கே யோசனை சொல்ல யாரும் இல்லையே என்று பார்த்தேன். இவர் ஒருவரே நாற்பது பேருக்குப் பேசினார்.

“வுடுங்க! வுடுங்க! புடி புடி! கோணையாப் போவுது!”

பிலோமினா வாசலுக்கும் அறைக்கும் ஓடி, அப்பா சொல்வதைக் கூரைக்கும், கூரை சொல்வதை அப்பாவுக்கும் கத்தினாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு தமிழ் ஒரே நாளில் வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாடி அறைக்குப் பக்கம் ஒரு வளைவில் குழாய் மாட்டிக்கொண்டது. மேலே இழுத்து, திருப்பி, மறுபடி விட்டார்கள். கடைசியில் கரி பூசிய முகமும் குழாயின் மூக்கும் ஒன்றாக வெளியே வந்தன. மேலே தகடு வைத்து இறுக்கி, சிமெண்ட் பூசி, மழை விழாமல் ஒரு தொப்பி மாட்டினார்கள். கீழே கணப்போடு சேர்த்துச் சுற்றிலும் அடைத்தார்கள். முழங்கால்காரர் குச்சியைப் பிடித்தார், புகை உள்ளே போனது. எனக்கு அது போதாது. சாம்பிராணிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தேன். மூன்று தும்மல் போட்டுவிட்டு அவரும் ஒப்புக்கொண்டார்.

7

அந்த வாரமே தலைவலி போய்விட்டது. பிலோமினா கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்தாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் பாத்திரம் கழுவினார். டாக்டர் மட்டும் அசையவில்லை. வீட்டைப் பழுது பார்த்ததில் இந்த நாட்டில் வேரூன்றிவிட்டோம் என்ற எண்ணம் வந்திருக்கிறது, அதனால் ஏக்கம் தீர்ந்தது என்றார்.

மிச்சம் இருந்தது ஊருக்கு எழுதுவது. அது சுலபமாக இல்லை. நான் தங்களை நினைத்து நினைத்து நோயாகிவிட்டேன் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. எனக்காக ஒரு பையன் தலையை மொட்டையடித்துக்கொண்டு திரிகிறான். ஆத்தா கட்டிலுக்குக் கயிறு பின்னி வைத்திருக்கிறாள். அது உங்களை நினைத்து வந்த வலி இல்லை, கேஸ் கணப்பு ஆவி என்று எப்படி எழுதுவது? இரண்டு மூன்று தடவை கிழித்துப் போட்டேன். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். குழாய், செங்கல், வேட்டி எல்லாம் எழுதி, “எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை, அதனால் நான் வரவில்லை” என்று முடித்தேன். நல்ல செய்திதானே என்று நினைத்தேன்.

பதில் வந்தது. சேவியர் கையெழுத்து, ஆத்தா வாய்.

“கண்ணு, கொழா போட்டது நல்லதாப் போச்சு. புள்ள பொழச்சுதே, அது போதும். சாமியாருகிட்டச் சொல்லிட்டோம், ஜெபத்த நிறுத்திட்டாரு. கட்டிலு வூட்டுலதான் கெடக்குது. ஒண்ணு கேக்கட்டுமா? நோவு இருந்தாத்தான் வருவியா? நல்லா இருக்கறப்ப வரக்கூடாதா?”

முன்னறையில் உட்கார்ந்துதான் படித்தேன். கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. நிறுத்த முடியவில்லை. நெஞ்சு கனத்தது, கால் தொய்ந்தது, நெற்றிப் பொட்டில் விண் விண்ணென்று தெறித்தது.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் அலறிவிட்டார். ஒரே பாய்ச்சலில் கணப்பை அணைத்தார், ஜன்னல்களையெல்லாம் திறந்தார், சாம்பிராணிக் கிண்ணத்தைத் தேடி ஓடினார்.

“சகாயம், எந்திரி! வெளிய வா! மறுபடியும் கேஸ் வருது!”

பனி உள்ளே வந்து விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை.